முப்பதாவது நிமிடத்துத் தொப்பி

என் தங்கை ரான் சுய்பிங் இருபத்தொரு வருடமாக இரண்டாம் நிலை ஆசிரியை. முதல் நிலைக்கு உயர என்னென்ன வேண்டும் என்று எங்கள் தாவோஷுய் மாவட்டத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பார்கள். பன்னிரண்டு வரிகள். அதில் பதினொரு வரிகளுக்கு எதிரே நானே சிவப்புப் பேனாவால் சரி போட்டு, சான்றிதழ்களைத் தேதிவாரியாக நீல அட்டைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். பன்னிரண்டாவது வரி மட்டும் பாக்கி: மூன்று வருடத்துக்குள் மாவட்ட அளவிலான திறந்த பாடத்தில் முதல் பரிசு.

திறந்த பாடம் என்றால் அரங்க மேடையில் நாற்பது நிமிடம் வகுப்பு எடுப்பது. கீழே இருநூறு ஆசிரியர்கள் குறிப்பெடுப்பார்கள், ஐந்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மேடையில் உட்காரும் பிள்ளைகள் சொந்தப் பிள்ளைகள் அல்ல. வேறு பள்ளியிலிருந்து அழைத்து வரும் இரவல் வகுப்பு. எந்த வகுப்பு என்பது அன்று காலைச் சீட்டுக் குலுக்கலில்தான் தெரியும்.

சுய்பிங்குக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவள் பள்ளிக்கு அந்த வருடம் முதல் நிலையில் ஒரே ஒரு இடம் வந்திருந்தது. அடுத்த இடம் எப்போது வரும் என்று தலைமை ஆசிரியரைக் கேட்டேன். "யாராவது ஓய்வு பெறணும். இல்லன்னா செத்துப்போகணும். ரெண்டுக்கும் இப்போதைக்கு ஆள் இல்ல, ரான் அண்ணே" என்றார்.

நான் பஸ் ஓட்டுகிறேன். மாவட்டத் தலைநகரிலிருந்து மாதாங் ஊர் வரை பதினான்கு நிறுத்தம், ஐம்பத்திரண்டு நிமிடம். எட்டாம் வகுப்பு ஆண்டுப் பரீட்சையில் ஆங்கிலத்தில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன். அதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். அதே வீட்டில் அதே மேஜையில் படித்த என் தங்கை ஆங்கில ஆசிரியை ஆனது எப்படி என்று பலர் கேட்பார்கள். அவள் படித்தது சரித்திரம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆங்கில ஆசிரியர் கடற்கரைப் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விட்டார். தலைமை ஆசிரியர் இவளைக் கூப்பிட்டு, "உனக்குக் குரல் நல்லா இருக்கு, திங்கக்கிழமையிலேர்ந்து நீ இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டார். சரித்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒலிநாடாப் பெட்டியைச் சமையலறையில் வைத்துக்கொண்டு, மிளகாய் வதக்கும்போதெல்லாம் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரே பாடத்தை நாடா அறுந்துபோகிற வரைக்கும் கேட்டாள். நான் ஒட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை பயிற்சி! கோடையில் இருபது நாள், குளிர்காலத்தில் ஐந்து நாள், புதன்கிழமை மதியம் தோறும் கூட்டுப் பாடத் தயாரிப்பு. பிறகு கைபேசியில் பார்க்கிற பயிற்சி வந்தது. வருடத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம். ஆள் தூங்கவில்லை என்று தெரிவதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பொத்தான் வரும், அழுத்த வேண்டும். அவளோடு வேலை செய்பவர்கள் கைபேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்து அழுத்தச் சொல்லிவிட்டுச் சீட்டாடுவார்கள். இவள் எழுபத்திரண்டு மணி நேரமும் பார்த்துக் குறிப்பெடுத்தாள். "உன் ஒருத்திக்காகத்தான் அந்தப் பேராசிரியர் பேசுறாரு போல" என்று என் மனைவி கேலி செய்தால், "அவரு பேசுறதுல பாதி உளறல்தான் அண்ணி. ஆனா எந்தப் பாதின்னு முழுசாக் கேட்டாத்தானே தெரியும்" என்பாள்.

திறந்த பாடத்துக்கு அவளைத் தயார் செய்தவர் மாவட்டப் பாட ஆய்வாளர் நியே மேடம். கண்டிப்பானவர், நேர்மையானவர். எங்கள் பக்கம் இதைப் பாடத்தைத் தீட்டுவது என்பார்கள். கத்தியைக் கல்லில் தீட்டுவதுபோல ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாற்றுவார்கள். நியே மேடம் ஏழு தடவை தீட்டினார். பலகையில் ஒட்டும் காந்தம் சிவப்பா நீலமா, எந்த வார்த்தைக்கு இரண்டடி முன்னால் வர வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும், எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

பாடம் ஏழாம் வகுப்பு, 'வார விடுமுறை'. சனிக்கிழமை என்ன செய்வாய், யாரோடு செய்வாய் என்று கேட்டுப் பதில் சொல்லும் பாடம். நியே மேடம் மிகவும் பாடுபட்டது கடைசிப் பத்து நிமிடத்துக்கு. அதற்கு உச்சம் என்று பெயர். பாடம் வெறும் பாடமாக முடியக் கூடாது, மனதைத் தொட்டு உயர வேண்டும். முப்பதாவது நிமிடம் மெல்லிய இசை, திரையில் ஒரு தாயும் மகளும் மாவுருண்டை பிடிக்கும் படம். பிள்ளைகள் அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதி வாசிக்க வேண்டும். கடைசியில் சுய்பிங் கையை நெஞ்சில் வைத்து, "இந்த வாரம் வீட்டுக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து சமையுங்கள், அம்மாவைக் கட்டிக்கொண்டு உன்னை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த நொடியில் மணி அடிக்க வேண்டும்.

"உச்சம் இல்லாம முதல் பரிசு கிடையாதும்மா. நடுவர் ஒருத்தராவது கண்ணைத் துடைக்கணும்" என்றார் நியே மேடம்.

மற்ற ஒத்திகையெல்லாம் என் பஸ்ஸில் நடந்தது. மாலை ஆறு இருபதுக்குக் கடைசி நடை முடிந்து பணிமனையில் வண்டியை நிறுத்தியதும் அவள் ஏறிக்கொள்வாள். முன் கண்ணாடியில் அட்டைகளை ஒட்டிவிட்டு, நடுவழியில் நின்று நடத்துவாள். பிள்ளைகளாக நானும் என் மனைவியும், இன்னொரு ஓட்டுநர் தியானும், டிக்கெட் கிழிக்கும் இரண்டு பெண்களும். தியான் என்னைவிடப் பெரிய முட்டாள். ஆனால் கையைத் தூக்குவதில் முதல் ஆள்.

"சனிக்கிழமை நீ என்ன செய்வாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, அவனுக்காக நம் மொழியிலும் சொல்வாள்.

"பஸ் ஓட்டுவேன், டீச்சர்."

"ஞாயித்துக்கிழமை?"

"பஸ் ஓட்டுவேன், டீச்சர்."

"பாடத்துல பூங்காவுக்குப் போறேன்னு இருக்குய்யா."

"எனக்கு எங்க டீச்சர் வார விடுமுறை? நிலையத் தலைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லுங்க, பயந்து லீவு குடுத்துருவாரு."

என் வேலை நேரம் பார்ப்பது. பாடம் நடத்த ஆரம்பித்தால் சுய்பிங்குக்கு மணி மறந்துவிடும். அரங்கத்துக் கடிகாரம் மேடைக்கு மேலே இருக்கிறது, மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் என் ஓட்டுநர் தொப்பியோடு உட்காருவேன். முப்பதாவது நிமிடம் தொப்பியைக் கழற்றினால் உச்சத்தைத் தொடங்க வேண்டும். முப்பத்தெட்டில் மறுபடி போட்டால் முடிக்க வேண்டும். பஸ்ஸில் பத்தொன்பது தடவை செய்து பார்த்தோம். ஒரு தடவைகூட நான் ஐந்து வினாடி தப்பியதில்லை. நாற்பது நிமிடம் என்பது எனக்குப் பதினொன்றாவது நிறுத்தம் வரைக்குமான தூரம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. எனக்கு விடுப்பு. ஏழரைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். போட்டியாளர்களை ஓர் அறையில் உட்கார வைத்துக் கைபேசிகளை வாங்கிக்கொண்டார்கள். சுய்பிங் மூன்றாவது ஆள். பத்து ஐந்துக்கு ஆரம்பம்.

ஒன்பது நாற்பதுக்கு நான் அரங்க வாசலில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய இரவல் வகுப்பு வந்து இறங்கியது. இரண்டு பஸ், கண்ணாடியில் மூன்று என்ற எண் ஒட்டியிருந்தது. ஒன்றைத் தியான் ஓட்டி வந்திருந்தான். நீலச் சீருடையில் நாற்பது பிள்ளைகள். முதல் பிள்ளை இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதாங் விடுதிப் பள்ளி.

அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு இருபது நடையில் என் பஸ்ஸில் வருகிறவர்கள். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள் என்று எனக்கு மனப்பாடம். இறங்குகிற இடத்தில் யாரும் காத்திருப்பதில்லை. லுங் மெய்ச்சுன் என்ற பெண் பஸ் ஏறுமுன் சந்தையில் டோஃபு வாங்கிப் பையில் பிடித்திருப்பாள், ஒன்பதாவது நிறுத்தத்தில் இறங்கித் தங்கைக்குச் சமைக்க ஓடுவாள். இவர்களுடைய அம்மா அப்பாக்களையும் எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, புத்தாண்டுக்கு நாலு நாள் முன்னால், ரயில் நிலையத்திலிருந்து பெட்டிகளோடு என் வண்டியில் வருவார்கள். புத்தாண்டின் ஆறாம் நாள் அதே பெட்டிகளோடு திரும்பிப் போவார்கள். மீதி நாளெல்லாம் தெற்கே தொழிற்சாலைகளில். எண்ணினேன். நாற்பதில் எனக்குத் தெரிந்தே இருபத்தேழு பேர் அப்படி.

நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று இவர்களிடம் சொல்லப்போகிறாள். அதற்கு முன்னால் அம்மாவைப் பற்றி எழுதி எழுந்து வாசிக்க வைக்கப்போகிறாள், இருநூறு பேர் முன்னால். சுய்பிங்கின் பள்ளி சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில். அங்கே மாலையானால் அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். அவளுக்குத் தோன்றாதது சரி. வெள்ளிக்கிழமை தோறும் இவர்களை ஏற்றிப் போகிற நான், அந்த வாக்கியத்தைப் பத்தொன்பது தடவை கேட்டேன். பத்தொன்பது தடவையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டியாளர் அறைக்கு ஓடினேன். வாசலில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணாம் நம்பர் டீச்சர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்மா."

"யாரும் பேசக் கூடாது."

"நான் அவ கூடப் பொறந்த அண்ணன்."

"அண்ணனா இருந்தா என்ன, அமைச்சரா இருந்தா என்ன? காலையில ஒருத்தரு புருஷன்னு சொல்லிக்கிட்டு வந்து பாடத் திட்டத்தைக் கதவுக்கு அடியில தள்ளப் பாத்தாரு. போங்க, போயி உக்காருங்க."

நியே மேடத்தைத் தேடினேன். நடுவர்களோடு முன் வரிசையில் இருந்தார், அங்கே விட மாட்டார்கள். மணி பத்து மூன்று. என்னிடம் மீதி இருந்தது தொப்பி ஒன்றுதான்.

போய் உட்கார்ந்தேன். கழற்றினால் உச்சம் நடக்கும். கழற்றாவிட்டால் அவள் தொடங்க மாட்டாள், நேரம் ஓடிவிடும், உச்சமில்லாத பாடத்துக்கு முதல் பரிசு இல்லை, பன்னிரண்டாவது வரி போச்சு. இருபத்தொரு வருடம் அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் தலையில் இருந்த தொப்பி ஈரமாகிவிட்டது.

அவள் பாடத்தை ஆரம்பித்தாள். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, நான் கொஞ்சம் எட்டிப் பார்த்த முதல் இரண்டு பேரும் மேடையில் நடித்தார்கள், இவள் பேசினாள். மூன்றாம் நிமிடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். பன்னிரண்டில் காந்தங்கள் அத்தனையும் பலகையில் வரிசையாக நின்றன. பதினெட்டில் கேள்வி பதில். பிள்ளைகள் திரையைப் பார்த்துச் சொன்னார்கள்: பூங்காவுக்குப் போகிறேன், பியானோ வாசிக்கிறேன். மாதாங்கில் பூங்கா கிடையாது. பியானோவை நான்கூட நேரில் பார்த்ததில்லை. யாரோடு என்று ஒரு பையனைக் கேட்டாள். "அம்மாவோடு" என்று ஆங்கிலத்தில் சொல்லி உட்கார்ந்தான். நான் கடிகாரத்துக்குத் திரும்பினேன்.

இருபத்தொன்பது. முப்பது. என் கை மடியிலேயே இருந்தது.

முப்பத்தொன்று. அவள் பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். முப்பத்திரண்டே காலில் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். நான் தொப்பியை இரண்டு கையாலும் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "தலைவலியா, அண்ணே?" என்று கேட்டார்.

சுய்பிங் மேஜைக்குப் போய்த் திரையை அணைத்தாள். சாக்பீஸை எடுத்து ஒரு வாணலி படம் வரைந்தாள். நன்றாக இல்லை, மண்வெட்டி மாதிரி இருந்தது. பிறகு எளிய ஆங்கிலத்தில் கேட்டாள்: சனிக்கிழமை உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள்?

பதினொரு வினாடி பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எண்ணினேன். பிறகு லுங் மெய்ச்சுன் எழுந்தாள்.

"ஐ குக்" என்றாள்.

எனக்கே புரிந்தது. நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவனுக்குப் புரிந்தது.

என்ன சமைப்பாய் என்று கேட்டாள் சுய்பிங். அந்தப் பெண் டோஃபு என்றாள். அதற்குமேல் வார்த்தை இல்லாமல் கையை உரல் உலக்கை போல இடித்துக் காட்டினாள். சுய்பிங் தானும் இடித்துக் காட்டி, மிளகாய் இடிப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று சொல்லிக் கொடுத்தாள். நாற்பது பேரும் இடித்துக்கொண்டே சொன்னார்கள். மேடை அதிர்ந்தது. பிறகு ஒரு கை உயர்ந்தது, அப்புறம் ஒன்பது, அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு பையன், "அக்கா சமைப்பாள், நன்றாக இருக்காது" என்றான். பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்னொருத்தன் புளிச்சாற்று மீன் எப்படிச் செய்வது என்று ஆரம்பித்தான். பாதி ஆங்கிலம், பாதி கை. மீனை வெட்டி முடிக்குமுன் மணி அடித்துவிட்டது. அவள் அவனை நிறுத்தவில்லை. மீன் வெந்து, மேலே கொத்தமல்லி போட்ட பிறகுதான் பாடத்தை முடித்தாள். நாற்பது நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

மதியம் நடுவர்கள் கருத்துச் சொன்னார்கள். "முப்பது நிமிஷம் வரைக்கும் அருமையான பாடம். அதுக்கப்புறம் பாதை மாறிடுச்சு" என்றார் ஒருவர். "உச்சம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை" என்றார் இன்னொருவர். சுய்பிங் எழுந்து நின்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் நியே மேடம் எழுந்தார். பாடத்தைத் தீட்டியவர் என்பதால் அவருக்கு மதிப்பெண் போடும் உரிமை இல்லை, பேச மட்டும் செய்யலாம். "அந்த உச்சத்தை எழுதினது நான். ஏழு தடவை திருத்தினேன். காந்தத்தோட நிறத்தைக்கூட மாத்தினேன். எந்த ஊருப் பிள்ளைங்க வந்து உக்காரப்போகுதுன்னு ஒரு தடவைகூட நான் யோசிக்கல. யோசிச்சிருக்க வேண்டியது என் வேலை" என்றார். உட்கார்ந்துவிட்டார். இருநூறு பேரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் இருந்தார்கள்.

எண்பத்தெட்டு புள்ளி நாலு. தொண்ணூறுக்கு மேல்தான் முதல் பரிசு. அவளுக்கு இரண்டாம் பரிசு.

திரும்பும்போது தியானின் பஸ்ஸில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம். மூன்று நிறுத்தம் தாண்டியதும் சொன்னேன்: "நான்தான் கெடுத்தேன், சுய்பிங். வேணும்னேதான் தொப்பியைக் கழட்டல." மாதாங் பிள்ளைகளைப் பற்றி, ஓடியது பற்றி, நாற்காலிப் பெண்ணைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, பத்தொன்பதாவது நிமிஷத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பையன் அம்மாவோடன்னு சொன்னான் பாரு, மொத்த வகுப்பும் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. நீ பாக்கலியா?"

"நான் மணியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்பவே அந்தப் படத்தைப் போடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்ன கேக்குறதுன்னுதான் தெரியாம நடந்துக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரே பயம், முப்பது ஆனா நீ கழட்டிடுவியேன்னு. உன் கை எந்திரம் மாதிரி."

"கழட்டியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டிருப்பேன். அப்புறம் வாழ்நாள் பூரா உன்கிட்ட பாட்டு வாங்கியிருப்பேன். நீ ரெண்டு கையாலயும் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

முன்னாலிருந்து தியான் கண்ணாடி வழியாகக் கத்தினான். "என்ன டீச்சர், பரிசு கிடைச்சிருச்சா? இவ்வளவு சிரிப்பு?"

"ரெண்டாவது!"

"எனக்கு எட்டாவதுகூடக் கிடைச்சதில்ல. டிக்கெட் வேணாம், உக்காருங்க."

நவம்பரில் பட்டியல் வந்தது. பள்ளிக்கு இருந்த அந்த ஒரு இடம் கணக்கு ஆசிரியருக்குப் போனது. நல்ல பையன், அவன்மேல் குறை இல்லை. பன்னிரண்டாவது வரிக்கு எதிரே நான் எதுவும் போடவில்லை. இரண்டாம் பரிசுச் சான்றிதழை மட்டும் தேதிப்படி கோப்பில் சேர்த்தேன்.

அடுத்த கோடையில் கிராமத்துப் பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் அறுபது பேருக்கு நியே மேடம் பயிற்சி நடத்தினார். முதல் நாள் பாடத்தை நடத்திக்காட்ட சுய்பிங்கைக் கூப்பிட்டார். பாடத் திட்டத்தை வீட்டில் வைத்துப் பார்த்தேன். முப்பது நிமிடம் வரை வரிவரியாக எழுதியிருந்தது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு எதிரே கட்டம் காலி. "அச்சகத்துல விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். "மேடமே விடச் சொல்லிட்டாங்க" என்றாள். அந்தப் பயிற்சி அந்தத் தாளின் பன்னிரண்டு வரிகளில் எதிலும் சேராது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்த வசந்தத்தில் அவள் மறுபடி திறந்த பாடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்கு ஒத்திகையை என் பஸ்ஸில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குப் பதில் வெள்ளிக்கிழமைகளில் வகுப்பை முடித்துவிட்டு வந்து, நாலு இருபது நடையில் மாதாங்கிலிருந்து ஏறி, என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள். அடுத்த வாரம் ஹெகோ ஊர் வழி போகும் பஸ், அதற்கடுத்த வாரம் மலைப் பாதை பஸ், அவற்றின் ஓட்டுநர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த ஊர் வகுப்பு சீட்டில் வரும் என்று யாருக்குத் தெரியும்? லுங் மெய்ச்சுன் டோஃபுப் பையோடு அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். இருவரும் இடிப்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டு ஏதோ பேசுகிறார்கள். ஒன்பதாவது நிறுத்தத்தில் அந்தப் பெண் பேசி முடித்து இறங்கும்வரை நான் கதவை மூடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை பேச்சு முடியாமல் ஒரு நிமிடம் நாற்பது வினாடி நின்றிருந்தேன். நேரப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டேன்.